கட்டற்ற மடல் அறுவை மருத்துவம்: கை கால்களின் மென்திசு இழப்பைச் சீரமைத்தல்

விபத்தினாலோ, கடுமையான தொற்றினாலோ, புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதாலோ கை கால்களில் தோலும் தசையும் பெருமளவில் இழக்கப்படுவதுண்டு. அப்போது உடலின் வேறோர் இடத்திலிருந்து திசுவை அதற்குரிய இரத்தக் குழாய்களோடு முழுமையாகப் பிரித்தெடுத்து, காயமுற்ற இடத்தில் வைத்து, அங்குள்ள இரத்தக் குழாய்களுடன் நுண்ணோக்கியின் துணையால் இணைக்கும் முறை கட்டற்ற மடல் அறுவை மருத்துவம் எனப்படும். மருத்துவமனைகளில் இது 'ஃப்ரீ ஃப்ளாப்' என்ற பெயரில் வழங்குகிறது. நுண்ணறுவை மருத்துவத்தின் முக்கியப் பிரிவுகளுள் இதுவும் ஒன்று. முன்பு காலை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று கருதப்பட்ட பல காயங்களில் இன்று கால் காப்பாற்றப்படுவதற்கு இம்முறை காரணமாக உள்ளது.

மென்திசு இழப்பும் வெளித்தெரியும் எலும்பும்

தோல், அதன் அடியிலுள்ள கொழுப்பு, தசை, தசைநாண், நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவை மென்திசுக்கள் எனப்படுகின்றன. இவை எலும்பைப் போர்த்திக் காப்பதோடு அதற்கு இரத்தத்தையும் கொண்டு சேர்க்கின்றன. எலும்பின் மேற்பரப்பில் படிந்துள்ள எலும்புறை என்னும் மெல்லிய படலத்தின் வழியாக எலும்பின் வெளிப்பகுதிக்கு இரத்தம் கிடைக்கிறது.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் எலும்பு உடனே கைக்குத் தட்டுப்படும். அங்கே கணைக்கால் உள்ளெலும்பை மூடியிருப்பது தோலும் சிறிதளவு கொழுப்பும் மட்டுமே. கணுக்காலை நெருங்க நெருங்கக் கெண்டைக்கால் தசைகளும் மெலிந்து தசைநாண்களாக மாறிவிடுகின்றன. எனவே இருசக்கர வாகன விபத்தில் கால் அடிபட்டாலோ, கனரக வண்டியின் சக்கரம் ஏறித் தோல் உரிந்துபோனாலோ, இப்பகுதியில் எலும்பு எளிதில் வெளியே தெரிந்துவிடுகிறது.

வெளித்தெரியும் எலும்பு காய்ந்துபோகிறது. எலும்புறையும் உரிந்துவிட்டால் அதன் வெளிப்பகுதி இரத்தமின்றி இறக்கிறது. இறந்த எலும்பில் நுண்ணுயிர்கள் குடியேறினால் எலும்புச் சீழ் நோய் உண்டாகும். அது பல ஆண்டுகள் வடிந்துகொண்டேயிருக்கலாம். முறிந்த எலும்பு கூடாமலும் போகலாம். அமெரிக்க எலும்பு மருத்துவர் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976-இல் வெளியிட்டு, கஸ்டிலோவும் உடன் பணியாற்றியோரும் 1984-இல் விரிவாக்கிய திறந்த எலும்பு முறிவு வகைப்பாட்டில், எலும்புறை உரிந்து, எலும்பை மூட அருகில் போதிய மென்திசு இல்லாத நிலை 'மூன்று-பி' என்று குறிக்கப்படுகிறது. கட்டற்ற மடல் பெரும்பாலும் தேவைப்படுவது இவ்வகைக் காயங்களுக்கே.

தோல் ஒட்டு ஏன் போதாது?

தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்துப் புண்ணின்மேல் ஒட்டுவது தோல் ஒட்டு எனப்படும். தீக்காயங்களுக்கு இம்முறையே பெரிதும் பயன்படுகிறது. ஒட்டப்படும் தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள்கள் அது புண்ணில் ஊறும் நீர்மத்தை உறிஞ்சி உயிர் வாழ்கிறது. அதன்பின் புண்ணிலிருந்து நுண்குழாய்கள் அதனுள் வளர்ந்து இரத்தத்தைக் கொண்டுவருகின்றன. ஆகவே அடித்தளம் உயிருள்ளதாக, இரத்தம் நிறைந்ததாக இருந்தால்தான் தோல் ஒட்டு பிடிக்கும். எலும்புறை நீங்கிய எலும்பு, உறை நீங்கிய தசைநாண், திறந்த மூட்டு, எலும்பை இணைக்க வைத்த உலோகத் தகடு ஆகியவற்றின்மேல் அது பிடிப்பதில்லை.

தோட்டத்தை நினைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். தோல் ஒட்டு என்பது பிடுங்கி நட்ட நாற்றைப் போன்றது. ஈரமுள்ள சேற்றில் அது பிடித்துக்கொள்ளும். பாறையின்மேல் வைத்தால் வாடிவிடும். மல்லிகைக் கொடியைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்ட பின் அறுத்தெடுப்பது பதியன். மடல் அறுவையின் பழைய வடிவம் இந்தப் பதியனை ஒத்தது.

காம்புள்ள மடலும் அதன் எல்லையும்

மருத்துவத்தில் மடல் என்பது தனக்குரிய இரத்த ஓட்டத்தோடு இடம் மாற்றப்படும் திசுத் துண்டைக் குறிக்கும். ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்கும்படி உயர்த்தி அருகிலுள்ள குறைபாட்டின்மேல் திருப்பி வைப்பது காம்புள்ள மடல் ஆகும். அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் சீரமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த ஹரோல்டு கில்லீஸ், 1917-இல் மடலைக் குழல் போலச் சுருட்டித் தைத்துப் படிப்படியாக நகர்த்தும் முறையைக் கையாண்டார்.

காலில் காம்புள்ள மடல் எதுவரை எட்டும் என்பதற்கு மருத்துவ மாணவர்கள் கற்கும் ஒரு பொது விதி உண்டு. கணைக்காலின் மேல் மூன்றிலொரு பகுதிக்குக் கெண்டைக்கால் மேல்தசையையும், நடுப்பகுதிக்கு அதன் அடியிலுள்ள தசையையும் திருப்பிப் போடலாம். கீழ்ப் பகுதியை இவை எட்டுவதில்லை. அங்கே சிறிய புண்களை மூடுவதற்குத் துளைக்குழாய் மடல்கள் போன்ற சில உள்ளூர் வழிகள் உண்டு. காயம் பெரிதாக இருந்தாலோ, சுற்றியுள்ள திசுவும் நசுங்கியிருந்தாலோ அவையும் போதா.

அக்காலத்தில் இதற்குக் கிடைத்த வழி குறுக்குக்கால் மடல். நல்ல காலின் கெண்டைப் பகுதித் தோலை உயர்த்தி, அடிபட்ட காலின்மேல் தைத்து, இரண்டு கால்களையும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் அசையாமல் பிணைத்து வைப்பார்கள். கையின் காயத்துக்குக் கையை அடிவயிற்றோடோ இடுப்போடோ தைத்து வைப்பார்கள். இம்முறைகள் இன்றும் முற்றிலும் வழக்கொழியவில்லை. ஆனால் மூட்டுகள் இறுகிவிடுவதும் நோயாளி வாரக்கணக்கில் முடங்கிக் கிடப்பதும் இவற்றின் குறைகள்.

இந்தப் பிணைப்பை நீக்கியதே கட்டற்ற மடலின் சிறப்பு. செடியை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து, புதிய இடத்தின் நீர்க்குழாயிலேயே நேராக இணைப்பதற்கு இதை ஒப்பிடலாம். பாறையின்மேல் வைத்தாலும் அது வாடாது. அடித்தளத்திலிருந்து ஊட்டம் வரும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. மாறாக, காயமுற்ற இடத்துக்குப் புதிய இரத்தத்தை அதுவே கொண்டுவருகிறது. அந்த இரத்தத்தின் வழியாகவே நோயெதிர்ப்பு அணுக்களும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அங்கு வந்து சேர்கின்றன.

வரலாறு

இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை 1902-இல் விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் காரல், 1912-இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் ஓரிரு மில்லிமீட்டர் குழாய்களை வெறுங்கண்ணால் தைப்பது இயலாததாகவே இருந்தது. 1960-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் ஜேக்கப்சனும் எர்னெஸ்டோ சுவாரெசும் அறுவை நுண்ணோக்கியைப் பயன்படுத்தி இத்தகைய சிறு குழாய்களை இணைத்துக் காட்டினர். கலிபோர்னியாவில் ஹாரி பங்கி தம் வீட்டு வண்டிக்கொட்டகையில் ஆய்வுக்கூடம் அமைத்து, முயலின் காதை அறுத்து மீண்டும் இணைக்கும் சோதனைகளைச் செய்தார்.

1965-இல் ஜப்பானின் நாரா நகரில் கோமத்சுவும் தமாயும் முற்றிலும் துண்டான கட்டைவிரலை மீண்டும் இணைத்தனர். 1966-இல் சீனாவின் சாங்காய் நகரில் கால்விரலைக் கைக்கு மாற்றிக் கட்டைவிரலாக்கும் அறுவை நடைபெற்றது. 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து ரோலின் டேனியலும் இயன் டெய்லரும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்த தோல் மடலை நுண்ணறுவை மூலம் கால் காயத்துக்கு மாற்றியதை அது விவரித்தது. தோல் மடலைக் கட்டற்ற முறையில் மாற்றும் காலம் இத்துடன் தொடங்கியது எனலாம்.

இதன்பின் வளர்ச்சி விரைவாக அமைந்தது. சீனாவின் யாங் குவோஃபானும் உடன் பணியாற்றியோரும் முன்கை மடலை 1981-இல் அறிமுகப்படுத்தினர்; இதற்குச் 'சீன மடல்' என்ற பெயரும் உண்டு. தொடையின் முன்வெளிப்புற மடலை 1984-இல் சோங் விவரித்தார். 1987-இல் டெய்லரும் பால்மரும் உடலின் தோலுக்கு இரத்தம் வழங்கும் முதன்மையான துளைக்குழாய்கள் சராசரியாக 374 இருப்பதாகக் கண்டு, அவற்றை வரைபடமாக்கினர். ஒவ்வொரு குழாயும் உடலின் ஒரு பகுதிக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் போன்றது. அந்த வாய்க்காலோடு அதன் வயலையும் எடுக்கலாம் என்பது இதனால் புலப்பட்டது. 1989-இல் ஜப்பானின் கோஷிமாவும் சோயேடாவும் தசையை விட்டுவைத்து, அதைத் துளைத்து வரும் குழாயோடு தோலை மட்டும் எடுக்கும் முறையை வெளியிட்டனர்.

மடல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது?

இழந்தது எதுவோ அதற்கு ஒத்த திசுவைத் தேர்ந்தெடுப்பது பொதுவான வழக்கம். எடுக்கும் இடத்தில் உண்டாகும் குறை தாங்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.

தொடையின் முன்வெளிப்புற மடல்: இன்று மிகுதியாகப் பயன்படுவது இதுவே. பெரிய அளவில் தோலும் கொழுப்பும் கிடைக்கும். இரத்தக் குழாயும் நீளமானது. அகலம் ஏறத்தாழ 8 செ.மீ.க்குள் இருந்தால் தொடைக் காயத்தை நேராகத் தைத்து மூடிவிடலாம்.

முதுகின் அகன்ற தசை: மிகப் பெரிய காயங்களுக்கும் குழி விழுந்த காயங்களுக்கும் பொருந்தும். தசையை வைத்து அதன்மேல் தோல் ஒட்டுப் போடுவது உண்டு.

தொடையின் உட்புற மெல்தசை: சிறிய, நீண்ட காயங்களுக்கு ஏற்றது. இதை எடுப்பதால் நடையில் பெரிய குறை தெரிவதில்லை. நரம்பையும் இணைத்தால் முன்கையில் இழந்த தசை இயக்கத்தை மீட்கவும் இதைப் பயன்படுத்தலாம்.

முன்கை மடல்: மெல்லியது, கைக்கும் பாதத்துக்கும் பொருந்தும். மணிக்கட்டில் நாடி பார்க்கும் தமனியையே இதனோடு எடுக்க நேரிடும். ஆதலால் மற்றொரு தமனி மட்டும் கைக்குப் போதிய இரத்தம் தருகிறதா என்று முன்கூட்டியே சோதிப்பார்கள்.

கணைக்கால் வெளியெலும்பு: எலும்பே பல செ.மீ. நீளத்துக்கு இழக்கப்பட்டிருந்தால் இரத்த ஓட்டத்தோடு கூடிய இவ்வெலும்பை எடுத்து வைப்பர். தோலையும் சேர்த்து எடுக்க இயலும்.

அறுவை நடைபெறும் முறை

முதற்படி, காயத்தைத் தூய்மை செய்வது. மண், துணி, இறந்த தோல், இறந்த தசை, தளர்ந்த எலும்புத் துண்டுகள் யாவும் அகற்றப்படுகின்றன. இதில் குறை வைத்துவிட்டு எவ்வளவு சிறந்த மடலை மேலே போட்டாலும், உள்ளே சீழ் கட்டும். முறிந்த எலும்பு, தகட்டினாலோ உட்கம்பியினாலோ காலுக்கு வெளியே பொருத்தும் சட்டத்தினாலோ நிலைநிறுத்தப்படுகிறது. மடல் வைக்கும்வரை காயத்தை மூடி வைக்க, காற்றை உறிஞ்சும் எதிரழுத்தக் கட்டு பயன்படுகிறது. அது தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

அடுத்து, காலுக்கு எந்தத் தமனி இரத்தம் தருகிறது என்பது நாடி பார்த்தும், தேவையானால் சிடி வழிக் குழாய்ப் படம் எடுத்தும் அறியப்படுகிறது. கணைக்காலில் மூன்று முக்கியத் தமனிகள் உள்ளன. விபத்தில் ஓரிரு தமனிகள் அடைபட்டிருக்கக்கூடும். எஞ்சிய ஒன்றை வெட்டி மடலுக்குக் கொடுத்தால் பாதம் இறந்துவிடும். எனவே அத்தகைய நிலையில் தமனியை வெட்டாமல் அதன் பக்கவாட்டில் சிறு துளையிட்டு மடலின் தமனியை இணைக்கிறார்கள். இணைப்பு, காயத்தின் பாதிப்பு பரவிய பகுதிக்கு வெளியே அமைய வேண்டும் என்பதும் முக்கியம். அடிபட்ட குழாயின் உட்சுவரில் இரத்தம் எளிதில் உறைந்துவிடும்.

பெரும்பாலும் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் பணியாற்றுகின்றன. ஒன்று மடலை எடுக்க, மற்றொன்று காலின் குழாய்களைத் தயார் செய்கிறது. குழாய்களின் குறுக்களவு பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர். தைக்கும் நைலான் இழை தலைமுடியைக் காட்டிலும் மெல்லியது. ஒரு தமனியும், ஒன்றோ இரண்டோ சிரைகளும் இணைக்கப்படுகின்றன. சிரைகளை இணைக்கச் சில இடங்களில் வளையக் கருவியும் பயன்படுகிறது. பிடிப்புக் கருவிகளை எடுத்ததும் வெளிறியிருந்த மடல் சிவந்து, அதன் விளிம்பிலிருந்து இரத்தம் கசியும். அதுவே இணைப்பு சரியாக அமைந்ததற்கு அடையாளம். முழு அறுவைக்கும் பல மணிநேரம் ஆகும்.

முதல் மூன்று நாள்கள்

அறுவை நன்றாக முடிந்தாலும் மடலின் நிலை உறுதியாகிவிடுவதில்லை. இணைப்பில் இரத்தம் உறைவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே நிகழ்கிறது. ஆகவே தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை மடலைப் பார்ப்பது வழக்கம். நிறம், வெப்பம், விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் திரும்பும் வேகம், டாப்ளர் கருவியில் கேட்கும் குழாயின் ஒலி ஆகியவை கவனிக்கப்படுகின்றன.

தமனி அடைபட்டால் மடல் வெளிறிக் குளிரும். அழுத்தி எடுத்தால் நிறம் மெதுவாகவே திரும்பும். சிரை அடைபட்டால் உள்ளே வந்த இரத்தம் வெளியேற முடியாமல் மடல் நீலம் பாரித்து வீங்கும். அழுத்தி எடுத்தால் நிறம் சட்டெனத் திரும்பும். இவற்றுள் எது தெரிந்தாலும் நோயாளியை உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுசென்று இணைப்பைத் திறந்து சரிசெய்ய வேண்டும். சில மணிநேரத் தாமதத்தில் மடல் இறந்துவிடும். குறிப்பாகத் தசை, இரத்தமின்றித் தாங்கும் நேரம் தோலினும் குறைவு. நள்ளிரவில் மடலைப் பார்க்கும் செவிலியரின் கண்தான் பல நேரங்களில் காலைக் காப்பாற்றுகிறது.

பயிற்சி பெற்ற மையங்களில் கட்டற்ற மடல்களின் வெற்றி 95 விழுக்காட்டைத் தாண்டுகிறது. காலில் வைக்கப்படும் மடல்களில் தோல்வி மற்ற இடங்களைவிடச் சற்று மிகுதி. புகைபிடித்தல் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், அறுவைக்கு முன்னும் பின்னும் அதை முற்றிலும் நிறுத்துமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

காலத்தின் பங்கு

இத்துறையில் காலத்தின் அருமையை எண்களால் காட்டியவர் ஸ்லோவேனியாவின் லியுப்லியானா நகரில் பணியாற்றிய மார்கோ கோடினா. கை கால் காயங்களுக்குக் கட்டற்ற மடல் வைக்கப்பட்ட 532 நோயாளிகளை அவர் மூன்று பிரிவாக்கினார். காயம் ஏற்பட்ட 72 மணிநேரத்துக்குள் மடல் வைக்கப்பட்டவர்களில் மடல் இழப்பு 0.75 விழுக்காடு, தொற்று 1.5 விழுக்காடு. 72 மணிநேரத்துக்குப் பின், மூன்று மாதத்துக்குள் வைக்கப்பட்டவர்களில் மடல் இழப்பு 12 விழுக்காடு, தொற்று 17.5 விழுக்காடு. மூன்று மாதம் கடந்து வைக்கப்பட்டவர்களில் இவை முறையே 9.5 விழுக்காடும் 6 விழுக்காடும் ஆகும். இக்கட்டுரை 1986-இல் வெளிவந்தபோது கோடினா உயிருடன் இல்லை. அவ்வாண்டிலேயே சாலை விபத்தொன்றில் அவர் இறந்திருந்தார்.

நுண்ணறுவையும் எதிரழுத்தக் கட்டும் வளர்ந்த பிறகு, சில நாள் தாமதமானாலும் நல்ல பலன் பெறலாம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆயினும் காயத்தை விரைவில் தூய்மை செய்து விரைவில் மூட வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. திறந்த எலும்பு முறிவுகளுக்கான பிரித்தானிய வழிகாட்டுதல், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை இயன்றால் ஒரு மணிநேரத்துக்குள் கொடுக்கவும், 72 மணிநேரத்துக்குள் காயத்தை மென்திசுவால் மூடவும் கூறுகிறது. எலும்பு மருத்துவரும் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவரும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகப் பார்க்கும் மருத்துவமனைக்கு நோயாளி நேராகச் சென்றால்தான் இது இயலும்.

காலைக் காப்பதா, நீக்குவதா?

எல்லாக் கால்களையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்றுவது எல்லோருக்கும் நன்மையும் ஆகாது. இம்முடிவுக்கு உதவும் அளவுகோல்களுள் ஒன்று தமிழ்நாட்டில் உருவானது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனும் உடன் பணியாற்றியோரும் 2006-இல் வெளியிட்ட அது, கங்கா மருத்துவமனை மதிப்பெண் என்று அறியப்படுகிறது. தோல், எலும்பு, தசை-தசைநாண்-நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுகிறது. நோயாளியின் வயது, பிற நோய்கள் போன்றவற்றுக்கு இரண்டிரண்டு மதிப்பெண் கூட்டப்படுகிறது. மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் காலைக் காக்க முயலலாம். 17-உம் அதற்கு மேலும் என்றால் நீக்குவதே பெரும்பாலும் தக்கது. 15, 16 என்பவை அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டிய இடைநிலை.

அமெரிக்காவில் கடுமையான கால் காயமுற்ற 569 பேரைப் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, இரண்டு ஆண்டுகளின் முடிவில் கால் காக்கப்பட்டவர்களுக்கும் நீக்கப்பட்டவர்களுக்கும் வாழ்க்கை இயக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. இரு பிரிவிலும் ஏறத்தாழ பாதிப் பேரே வேலைக்குத் திரும்பியிருந்தனர். சிக்கல்களால் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் கால் காக்கப்பட்ட பிரிவில் 47.6 விழுக்காடு, நீக்கப்பட்ட பிரிவில் 33.9 விழுக்காடு. வறுமை, குறைந்த கல்வி, உற்றார் துணையின்மை, புகைப்பழக்கம் ஆகியவை இரு பிரிவினரின் நிலையையும் பாதித்தன. எனவே காலை நீக்குவது மருத்துவத்தின் தோல்வி ஆகாது. நல்ல செயற்கைக் காலோடு நடப்பவர், ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் காலோடு படுத்திருப்பவரைவிட நலமாக இருக்கலாம். இரண்டு வழிகளின் பயனையும் சுமையையும் நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்

மடல் பிழைத்த பின்னும் நீண்ட பயணம் உள்ளது. முதலில் காலை உயர்த்தி வைத்திருப்பார்கள். பின்னர் நாள்தோறும் சில நிமிடங்கள் காலைத் தொங்கவிட்டு, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மடலின் சிரைகளைப் பழக்குகிறார்கள். எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகலாம். தடித்த மடலைப் பின்னாளில் மெலிதாக்கவும், எலும்பு ஒட்டு வைக்கவும் மேலும் அறுவைகள் தேவைப்படலாம். நரம்பு இணைக்கப்படாத மடலில் உணர்ச்சி குறைவாகவே இருக்கும். எனவே பாதத்தில் மடல் உள்ளவர்கள் பொருத்தமான காலணி அணிவதும், சூட்டுக்கும் உராய்வுக்கும் எச்சரிக்கையாக இருப்பதும், நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதவை. இயன்முறைப் பயிற்சி இல்லாவிட்டால் காப்பாற்றிய காலின் மூட்டுகள் இறுகிவிடும்.

காலப்போக்கில் மடலின் விளிம்புகளிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் புதிய நுண்குழாய்கள் வளர்ந்து, மடல் அந்த இடத்தின் திசுவாகவே ஒன்றிவிடுகிறது. அதன் அடியில் எலும்பு கூடி, நோயாளி தன் காலில் எடையை ஊன்றி நடக்கும்போதே இச்சிகிச்சை முழுமை பெறுகிறது.